மூணாவது முடிச்சு எப்ப விழும்?

"ஏன் கண்ணு... மூணாவது முடிச்சு எப்ப விழும்?"

அப்பா கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் தேடி மூன்று வாரம் அலைந்தேன். 4,600 ரூபாய் செலவழித்தேன். 420 கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டேன். பதில் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது. அதற்கு ஆன செலவு ஒரு பலாப்பழம்!

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். என்றைக்காவது ஒருநாள் அதில் ஒரு வீடியோ போட்டுப் பார்க்க ஆசைப்படுவீர்கள். அதற்கு முன் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீடு கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கம். எனக்கு நாமக்கல்லில் ஆபீஸ் உத்தியோகம். வாரம் முழுக்கக் கீழே, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து மேலே. காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை வருகிறவர்கள் பத்தாவது வளைவில் ஜன்னல் சீட் கேட்பார்கள். முப்பதாவதில் எலுமிச்சம்பழம் கேட்பார்கள். ஐம்பதுக்கு மேல் எதுவுமே கேட்க மாட்டார்கள். எனக்குப் பழகிவிட்டது, தூங்கிவிடுவேன்.

பங்குனிக் கடைசியில்தான் அந்த விபத்து. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறிய அப்பா, ஏணியோடு சரிந்தார். வலது கால் முறிந்தது. கீழே கொண்டுபோய் தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு மறுபடி மேலே கொண்டு வருவதற்குள், ஒவ்வொரு வளைவுக்கும் அவர் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. "ஆறு வாரம் அசையக்கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சித்திரையில் தங்கச்சிக்குக் கல்யாணம். சேந்தமங்கலத்தில் மண்டபம் பார்த்தாகிவிட்டது, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. தள்ளிப் போடலாம் என்றோம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "என் காலு சரியாகும். முகூர்த்தம் திரும்பி வருமா? சித்தப்பன் கையில தாரை வார்த்துக் குடுக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. செல்போனில் வீடியோ கால் போட்டுக் காட்டப் பார்த்தோம். எங்கள் வீட்டுப் பக்கம் டவர் ஒற்றைக் கோடுதான் காட்டும். கெட்டிமேளம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போன் சுற்ற ஆரம்பித்து அப்படியே செத்துப்போனது. பெண்ணும் மாப்பிள்ளையும் மறுநாள் மேலே வந்து கட்டிலருகே விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். அப்பா சிரித்தார். அவர்கள் கிளம்பிப் போனதும், "வீடியோ எப்ப வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தினமும் அதே கேள்விதான்.

வீடியோ வந்தது, ஒரு பென் டிரைவில்.

அப்பாவும் பெட்டியும்

எங்கள் வீட்டில் இருக்கும் டி.வி., 2006-ல் ஆரம்பித்த இலவச கலர் டி.வி. திட்டத்தில் வந்த 14 இன்ச் பெட்டி. அதில் பென் டிரைவ் செருக வழி கிடையாது. செல்போனில் வீடியோ அருமையாக ஓடியது. ஆனால், கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கொண்ட அப்பாவுக்கு உள்ளங்கை அளவுப் படத்தில் மாப்பிள்ளையும் தெரியவில்லை, மாவிலைத் தோரணமும் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர். 2012-ல் தங்கச்சி காலேஜில் சேர்ந்தபோது மிளகு விற்ற காசில் அப்பா வாங்கிக் கொடுத்தது. இன்டெல் ஐ3, இரண்டாம் தலைமுறை. 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், அகலமான மானிட்டர். கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு மானிட்டரை வைத்தேன். அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பொடிசுகள் எல்லாம் ஆஜர். முறுக்குத் தட்டுகூட வந்துவிட்டது.

முகூர்த்த நேரம். நாதஸ்வரம் ஒழுங்காகக் கேட்கிறது. படம் மட்டும் நொண்டி நொண்டி வருகிறது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டிமேளம்! முதல் முடிச்சு விழுந்தது. நாத்தனார் கை வந்து இரண்டாவது முடிச்சும் விழுந்தது. அப்புறம் படம் அப்படியே நின்றுவிட்டது. மேளம் தொடர்ந்து அடிக்கிறது, அட்சதை போடச் சொல்லிக் குரல் கேட்கிறது, யாரோ காபி கேட்கிறார்கள். திரையில் மட்டும் நாத்தனார் கை அந்தரத்தில் நிற்கிறது. திடீரென்று ஒரு தாவல். பார்த்தால் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்!

அப்போதுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் விட்ட மூன்று அம்புகள்

எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூறு சொல்கிறது. அதே மலையில் பிறந்த அடியேன் மூன்று அம்பு விட்டேன். ஒன்றுகூடப் படவில்லை.

முதல் அம்பு, எஸ்.எஸ்.டி. "பழைய ஹார்ட் டிஸ்க் சார். அதான் இழுக்குது. இதைப் போடுங்க, பறக்கும்" என்றார் கடைக்காரர். 1,700 ரூபாய். மேலே கொண்டுபோய் மாட்டினேன். உண்மையிலேயே பறந்தது. முன்பெல்லாம் ஆன் பண்ணிவிட்டுப் போய்க் காபி குடித்துவிட்டு வருவேன். இப்போது டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் திரை தயார். ஆனால், நாத்தனார் கை மட்டும் அங்கேயே நின்றது.

இரண்டாவது அம்பு, ராம். "மெமரி பத்தலை சார்!" 700 ரூபாய்க்கு இன்னொரு 4 ஜி.பி. மொத்தம் எட்டு ஆனது. எட்டு ஆகியும் நாத்தனார் அசையவில்லை.

மூன்றாவது, கிராபிக்ஸ் கார்டு. செகண்ட் ஹேண்டில் 2,200 ரூபாய். "இதைப் போட்டா சினிமா தியேட்டர் சார்!" போட்டேன். தியேட்டர்தான், ஆனால் ரீல் அறுந்த தியேட்டர்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா என்னைத் தேற்றினார். "விடு கண்ணு. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சில்ல, அது போதும்." போதும் என்று அவர் சொன்ன விதத்தில்தான், போதவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

பலாப்பழ வைத்தியர்

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். திங்கட்கிழமை என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பஸ்ஸுல வாந்தியா?" என்றார். கதை முழுவதையும் கொட்டினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி... யாரு மூச்சு வாங்குறாங்கன்னு பார்த்தீங்களா?" என்றார்.

திருதிருவென்று விழித்தேன்.

"காய்ச்சல்னு போனா டாக்டர் முதல்ல என்ன செய்வாரு? கையைப் பிடிச்சுப் பார்ப்பாரு. நீங்க நாடியே பார்க்காம மூணு ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க. வீடியோவை ஓட விட்டுட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். சி.பி.யு., மெமரி, டிஸ்க்னு மூணு பேர் இருப்பாங்க. அதுல எவன் 100-ஐத் தொடுறானோ, அவன்தான் ஆளு."

அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பதில் வந்தது: சி.பி.யு. 100, மெமரி 40, டிஸ்க் 1.

"ஒண்ணா?" என்று அண்ணன் சிரித்தார். "தம்பி, உங்க ஃபைல் எவ்வளவு?"

"ரெண்டு மணி நேரம், 14 ஜி.பி."

"வகுத்துப் பாருங்க. செகண்டுக்கு ரெண்டு எம்.பி. கூட இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கே செகண்டுக்கு நூறு எம்.பி. கிட்டத்தட்ட அள்ளித் தரும். உங்க பென் டிரைவ்லயிருந்து நேரா ஓட்டினாக்கூட அந்த வேகம் போதும். டிஸ்க் தூங்கிட்டிருந்துச்சு. தூங்குறவனுக்கு நீங்க புது பெட் வாங்கிக் குடுத்திருக்கீங்க!"

அசடு வழிந்தேன். ஆனால், அடுத்து அவர் சொன்னதுதான் விஷயம்.

படம் எப்படி மூட்டை கட்டப்படுகிறது?

வீடியோ என்பது வேகமாக மாறும் போட்டோக்கள். சாதாரணமாக செகண்டுக்கு 25 போட்டோ. 1920-க்கு 1080 என்ற ஹெச்.டி. அளவில் ஒரு போட்டோவில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட். இதை அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 560 ஜி.பி. ஆகும். ஒரு கல்யாணத்துக்கே ஒரு பீரோ நிறைய ஹார்ட் டிஸ்க் வேண்டும்.

அதனால் சுருக்குகிறார்கள். மணமேடையில் பின்னால் இருக்கும் வாழைமரம் அசைவதில்லை. அதை ஒருமுறை சொன்னால் போதும். அப்புறம் 'போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசம்' என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். இந்தச் சுருக்கெழுத்து முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஹெச்.264 என்பது 2003-ல் வந்த முறை. ஹெச்.265 2013-ல் வந்தது. ஹெச்.இ.வி.சி. என்பதும் இதுதான். அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும். அதனால் போன்களும் கேமராக்களும் இதைப் பிடித்துக்கொண்டன.

ஆனால், சுருக்கமாக மடித்ததைப் பிரிப்பதற்கு உழைப்பு அதிகம். செகண்டுக்கு 25 படம் என்றால், ஒரு படத்தைப் பிரிக்கக் கிடைக்கும் நேரம் செகண்டில் 25-ல் ஒரு பங்கு. அதற்குள் முடியாவிட்டால், அடுத்த படம் வந்து கதவைத் தட்டும். ப்ளேயர் என்ன செய்யும்? சில படங்களைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடும். அதுதான் அந்தத் தாவல். சத்தத்தைப் பிரிப்பது லேசான வேலை, அதனால் மேளம் மட்டும் தடங்கலில்லாமல் அடிக்கும்.

"அப்ப பத்தாயிரம் ரூபா போன் எப்படிண்ணா ஓட்டுது?"

இந்தக் கேள்விதான் என்னை மூன்று வாரமாகக் குடைந்துகொண்டிருந்தது.

"போனுக்குள்ள இந்த வேலைக்குன்னே தனியா ஒரு ஆளு இருக்கான் தம்பி. சிப்புலயே செதுக்கி வச்சிருக்காங்க. ஹெச்.265-ஐப் பிரிக்கிறதைத் தவிர அவனுக்கு வேற ஜோலி இல்லை. உங்க ஐ3-லயும் அப்படி ஒருத்தன் உண்டு. ஆனா அவன் 2011-ஆம் வருஷத்து ஆளு. ஹெச்.264-தான் படிச்சிருக்கான். 2013-ல வந்த பாடத்தை 2011-லயே எப்படிப் படிப்பான்? அதனால ப்ராஸஸர் மொத்த வேலையையும் தலையில போட்டுக்கிட்டு முழி பிதுங்குது."

"அப்ப நான் வாங்கின கார்டு?"

"அதுக்கும் அதே கதைதான். கார்டு இருந்தாப் போதாது. அந்தக் கார்டுக்கு எந்தக் கோடெக் தெரியும்னு பார்த்து வாங்கணும்."

செகண்ட் ஹேண்டில் அதிகம் புழங்கும் ஜிடி 710, ஜிடி 730 வகைக் கார்டுகள் ஹெச்.264-ஐப் பிரிக்கும், ஹெச்.265-ஐப் பிரிக்காது. 2017-ல் வந்த ஜிடி 1030 இரண்டையும் பிரிக்கும். இன்டெல் ப்ராஸஸர்களில் 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் உள்ளேயே ஹெச்.265-க்கு ஆள் இருக்கிறார். கடையில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எட்டு மூட்டையில் ஏழு வீண்

"இன்னொண்ணு பாருங்க. வீடியோ என்ன சைஸ்?" என்றார் அண்ணன்.

வி.எல்.சி. ப்ளேயரில் கன்ட்ரோலையும் 'ஜே' எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் ஜாதகமே வந்துவிடும். வந்தது: ஹெச்.இ.வி.சி., 3840-க்கு 2160. அதாவது 4கே.

"உங்க மானிட்டர்?"

"1366-க்கு 768."

அண்ணன் கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். போட்டுப் பார்த்தேன். வீடியோவின் ஒரு படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். மானிட்டரில் இருப்பதே பத்தரை லட்சம்தான்.

"காரவள்ளியிலயிருந்து எட்டு மூட்டையை மேல வரைக்கும் சுமந்துட்டு வர்றீங்க. வீட்டு வாசல்ல ஏழைக் கொட்டிட்டு ஒண்ணை மட்டும் உள்ள கொண்டு போறீங்க. மூச்சு வாங்காம என்ன செய்யும்? கீழயே ஒரு மூட்டையா கட்டிட்டு ஏறுங்க!"

எங்கள் மலைக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வீடியோகிராபரைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய டி.வி.யில் பார்ப்பார்கள், நன்றாக இருக்கட்டும் என்றுதான் 4கே-யில் கொடுத்தார். எங்கள் பெட்டியைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

வைத்தியம் இரண்டே வரி. ஹேண்ட்பிரேக் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். அதில் வீடியோவைப் போட்டு, ஹெச்.264, 720 என்று தேர்ந்தெடுத்து மாற்றிவிட வேண்டும். 720 என்றால் 1280-க்கு 720. எங்கள் மானிட்டருக்கு அதுவே ஏறக்குறைய முழு அளவு. புதிதாக ஒரு பைசாவுக்குக்கூடப் பொருள் வாங்க வேண்டாம்.

"ஆனா மாத்துறதுக்கு நேரமாகும். உங்க ஐ3 ராத்திரி பூரா உழைக்கணும். அதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து தூசி தட்டிடுங்க" என்று சொல்லி, சின்ன டியூபில் தெர்மல் பேஸ்ட்டும் கொடுத்தார். "எவ்வளவுண்ணா?" என்றேன். "மலையில பலாப்பழ சீசன்தானே?" என்றார்.

சனிக்கிழமை ராத்திரி

அவசரக் குடுக்கையாகிய நான், தூசி தட்டாமலேயே முகூர்த்தப் பகுதி 38 நிமிஷத்தை மட்டும் மாற்றக் கொடுத்தேன். இருபதாவது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி ஆன் பண்ணினேன். இந்தத் தடவை பத்தே நிமிஷம்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கிறது. சிலந்தி வலை, காய்ந்த பல்லி முட்டை, எறும்புச் சாரி. ப்ராஸஸர் மேலே இருக்கும் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்று போக வழியில்லை. ப்ராஸஸர் சூடானால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் தற்காப்புக்காக அணைந்துவிடும். வீடியோ நொண்டியதில் இந்தத் தூசிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். ஃபேனைத் தகட்டோடு கழற்றினால், அடியில் பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து உதிர்ந்தது. சுத்தமாகத் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நாலு மூலையும் 'டிக்' என்று உட்காரும்படி அமுக்கினேன். ராமையும் கழற்றி, அதன் மஞ்சள் பற்களை அழி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அப்பா கட்டிலில் இருந்தபடியே டார்ச் பிடித்தார். "மோட்டாருக்குக் கிரீஸ் வைக்கிற மாதிரிதான்" என்றார். அதே தான் அப்பா!

ராத்திரி ஒன்பதுக்கு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை அணையவில்லை. கரண்ட் போகக்கூடாது என்று எட்டுக்கை அம்மனை வேண்டிக்கொண்டேன். பத்து சதவீதம்... இருபத்தைந்து... அம்மா தூங்கிவிட்டார். வெளியே பனி இறங்கியது. அப்பா தூங்கவில்லை. "எவ்வளவு கண்ணு?" "நாப்பதுங்கப்பா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இப்ப?" "அம்பத்தி மூணு." கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒன்றரை மணிக்கு நூறு.

காலையில் பார்க்கலாம் என்றேன். "இப்பவே போடு" என்றார்.

சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டேன். தண்ணீர் மாதிரி ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். நூறு காட்டிக்கொண்டிருந்த சி.பி.யு. பதினைந்தைத் தாண்டவில்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். ஒன்று. நாத்தனார் கை வந்தது. இரண்டு. மூன்று!

கை தட்டலாம் என்று திரும்பினேன். அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பின்னால போ" என்றார்.

போனேன். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் தங்கச்சி தலை நிமிர்கிறாள். எல்லாரும் அட்சதை போடுகிறார்கள். அவள் மட்டும் மாப்பிள்ளையையும் பார்க்காமல், கேமராவையும் பார்க்காமல், மண்டபத்து வாசலை ஒரு தடவை பார்க்கிறாள். இரண்டு செகண்ட்கூட இருக்காது. அப்புறம் தலையைக் குனிந்துகொள்கிறாள். நானும் அந்த மேடையில்தான் நின்றிருந்தேன். எனக்கு அது தெரியவே இல்லை. மூன்று வாரமாக அந்தப் பெட்டி தூக்கி எறிந்த படங்களில் அந்த இரண்டு செகண்டும் இருந்திருக்கிறது.

"என்னைத்தான் தேடுது" என்றார் அப்பா.

நாலு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

உங்கள் பெட்டிக்கு ஒரு சீட்டு

அண்ணனிடம் பலாப்பழத்தைக் கொடுத்தபோது கேட்டு எழுதிக்கொண்டவை இவை. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. காசை எடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜர். சி.பி.யு. நூறு என்றால் கோடெக் அல்லது சூடு. மெமரி நிரம்பி வழிந்தால் ராம். டிஸ்க் நூறு என்றால்தான் எஸ்.எஸ்.டி.

2. முதல் செலவு பிரஷ்ஷும் பேஸ்ட்டும். பத்து வருஷம் திறக்காத பெட்டியில் பாதி வியாதி தூசிதான்.

3. வீடியோ எந்தக் கோடெக், என்ன அளவு என்று பாருங்கள். மானிட்டரில் இல்லாத புள்ளிகளுக்காகப் பெட்டியைச் சாகடிக்காதீர்கள்.

4. மாற்றிக்கொள்ளக்கூடிய ஃபைல் என்றால் ஹெச்.264-க்கு மாற்றிவிடுங்கள். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் முன்கூட்டியே, "ஹெச்.264-ல ஒரு காப்பி குடுங்க" என்று கேட்டுவிட்டால் இன்னும் சுலபம். 4கே ஃபைலை அழித்துவிடாதீர்கள். பேரன் காலத்தில் பெரிய டி.வி. வரும்.

5. யூடியூப் இழுத்தால் முதலில் 720-க்கு இறக்குங்கள். யூடியூப் இப்போது வி.பி.9, ஏ.வி.1 என்ற புது முறைகளில் படம் அனுப்புகிறது. பழைய பெட்டிக்கு அதுவும் பாரம்தான். ஹெச்.264-தான் வேண்டும் என்று கேட்டு வாங்க, 'ஹெச்264இஃபை' என்று பிரவுசருக்கு ஓர் இலவச ஒட்டு இருக்கிறது.

6. தேதி தானாகப் பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பாட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர்.2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் பல வெப்சைட்டுகள் திறக்காது.

7. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இந்தப் பழைய பெட்டிகளில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோஸாஃப்ட் அனுமதிப்பதில்லை. பாங்க் வேலை பார்ப்பதாக இருந்தால், லினக்ஸ் மின்ட் மாதிரி இலவசமாகக் கிடைப்பதற்கு மாறிவிடுங்கள்.

2011-ல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. இந்தச் சீட்டு அவற்றுக்கும் பொருந்தும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை நாடி பிடித்துப் பாருங்கள்.

என் 4,600 ரூபாய் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். எஸ்.எஸ்.டி.யும் ராமும் பெட்டியின் மற்ற வேலைகளை வேகமாக்கிவிட்டன, இருக்கட்டும். கார்டு மட்டும் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பணிவு வருகிறது.

அப்பாவுக்கு மாவுக்கட்டுப் பிரித்தாகிவிட்டது. கைத்தடியோடு நடக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என் ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "முகூர்த்தத்தை மிளகு சீசன்ல மட்டும் வைக்காதீங்க. அந்த மூணு முடிச்சையும் நான் நேர்ல நின்னு எண்ணணும்!"